பையன் படிக்காத ஐந்து வாரத்துக்கு அட்டெண்டன்ஸ்: கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு புறநகரில் சொந்த வீடு. கணவர் எச்-1பி விசாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறார்கள். மகன் இரண்டு வருடம் அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆன்லைன் பள்ளியில் படித்தான். அந்த ஊரில் இதை சைபர் சார்ட்டர் ஸ்கூல் என்கிறார்கள். போன நவம்பர் கடைசியில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போக, குடும்பமே கோவைக்குக் கிளம்பி ஐந்து வாரம் தங்கியது. அந்த நாட்களில் பையன் லேப்டாப்பைத் திறந்ததே நாலைந்து தடவைதான். திரும்பி வந்ததும் ஆன்லைன் படிப்பு சரிப்படவில்லை என்று முடிவு செய்து, ஜனவரி நடுவில் ஏரியா பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் பழைய பள்ளியின் மென்ட்டரிடமிருந்து, அதாவது குடும்பங்களோடு தொடர்பில் இருக்கும் பள்ளி ஊழியரிடமிருந்து, ஒரு மெயில் வந்திருக்கிறது. கோவையில் இருந்த நாட்கள் உட்பட, ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் 5 மணி நேரம் படித்ததாக ஏற்கெனவே நிரப்பப்பட்ட பட்டியல். “ஃபைலை முடிக்கத்தான், ஒரு மின் கையெழுத்து போதும்” என்று குறிப்பு. அதே வாரம் புதிய பள்ளியின் அலுவலகத்தில், “பையன் பெயர் இன்னும் அங்கேயும் இருக்கிறதே” என்று சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைன் பள்ளிகள் கட்டடம் வாங்கியதையும், ஊழியருக்கு கிஃப்ட் கார்டு கொடுத்ததையும் செய்தியில் வேறு படித்திருக்கிறார். அந்தப் பள்ளியில் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்யும் தோழி ஒருவர், “விலகிப்போகிற பிள்ளைகளின் தேதியை இழுக்கிறார்கள்” என்று காதில் போட்டிருக்கிறார். “நமக்கு எதற்கு வம்பு, கிரீன் கார்டு போய்விடும்” என்கிறார் கணவர். இது மோசடியா, புகார் செய்யலாமா, குடியுரிமை இல்லாத நமக்குக் கேட்க உரிமை உண்டா, கையெழுத்துப் போட்டால் என்ன என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

“இலவசப் பள்ளிதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்” என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் நஷ்டம். பென்சில்வேனியாவில் ஒரு பிள்ளை சைபர் பள்ளியில் சேர்ந்தால், அந்தப் பிள்ளை குடியிருக்கும் பள்ளி மாவட்டம்தான் (அந்த வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) அதற்குப் பணம் கட்டுகிறது. எவ்வளவு என்றால், அந்த மாவட்டம் முந்தின வருடம் தன் சொந்தப் பள்ளிகளில் ஒரு மாணவருக்குச் செலவழித்த தொகை, சில கழிவுகள் போக. ஆன்லைன் பள்ளிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது இந்தக் கணக்கிலேயே வராது. அதனால் ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே மாடல் லேப்டாப். ஆனால் ஒரு மாவட்டத்துப் பிள்ளைக்கு வரும் பணம் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்கு வருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை என்றால் தொகை இன்னும் எகிறும். மாதாமாதம் பில் போகும். மாவட்டம் கட்ட மறுத்தால், மாநிலக் கல்வித்துறை அந்த மாவட்டத்துக்குத் தரவேண்டிய நிதியில் பிடித்து ஆன்லைன் பள்ளிக்குக் கொடுத்துவிடும். மாவட்டத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் சொத்து வரிப் பணம். ஜூலை மாதம் உங்கள் வீட்டுக்கு வரும் ஸ்கூல் டாக்ஸ் பில்லைச் சீக்கிரம் கட்டி 2 சதவீதத் தள்ளுபடி வாங்குகிறீர்கள் அல்லவா, அதே பணம்.

ஆக, பதிவேட்டில் பெயர் இருந்தால் பணம் வரும், பெயர் போனால் பணம் நிற்கும். நம் ஊரில் ஆள் இல்லாத ரேஷன் கார்டுக்கு அரிசி போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது அந்த 5 மணி நேரத்துக்கு வருவோம். அது சும்மா போட்ட எண் அல்ல. ஆரம்ப வகுப்புகளுக்கு வருடத்துக்கு 900 மணி நேரம் அல்லது 180 பள்ளி நாட்கள் என்பது அளவு. வகுத்தால் 5 வரும். அதே மாநிலத்தில் இன்னொரு விதியும் உண்டு: தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 10 பள்ளி நாள் வராத பிள்ளையின் பெயரை நடப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டாய வருகைச் சட்டப்படி நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு. நீங்கள் ஊரில் இருந்தது ஐந்து வாரம். கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்தாலும் பத்து நாளைத் தாண்டுகிறது. அந்தப் பட்டியலில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், பையன் பதிவேட்டில் இருந்தது சரிதான் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. போடாவிட்டால், டிசம்பரில் அனுப்பிய பில்லுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். ஃபைலை முடிப்பதற்கு என்கிறார்களே, அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

மென்ட்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் தலையில் ஏகப்பட்ட குடும்பங்கள், விடுபட்ட பட்டியல்களை நிரப்பச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. மென்பொருளே 5, 5, 5 என்று தானாக நிரப்பியிருக்கவும் கூடும். அதனால் கோபமாக எழுதாதீர்கள். நாலு வரி போதும்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தியாவில் இருந்தோம், மகன் சில நாட்கள் மட்டுமே லாகின் செய்தான், பட்டியலில் உள்ள மணிக்கணக்கு சரியில்லை, கையெழுத்திட இயலாது, அவன் விலகிய தேதி இது, அதை உறுதிசெய்து எழுத்தில் அனுப்புங்கள். கூடவே பையனின் லாகின் பதிவைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு மத்திய சட்டத்திலேயே இருக்கிறது, 45 நாளுக்குள் காட்ட வேண்டும். ஆன்லைன் பள்ளியில் ஒரு வசதி, எந்த நாள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான் என்பது கணினியில் அப்படியே கிடக்கும்.

கிரீன் கார்டு பயம்

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் ஆபத்தைத் தவறான இடத்தில் பார்க்கிறார். அரசு அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிப் புகார் கொடுத்ததற்காக விசாவையோ கிரீன் கார்டு மனுவையோ நிராகரிக்கும் விதி எதுவும் இல்லை. ஆபத்து கையெழுத்தில்தான் இருக்கிறது. அரசு அதிகாரியை ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யை எழுத்தில் தருவது அந்த மாநிலத்தில் குற்றம். மின் கையெழுத்தும் கையெழுத்துதான். இந்த ஒரு படிவத்துக்காக உங்கள் மேல் வழக்கு வரும் என்று பயமுறுத்தவில்லை, பெரும்பாலும் வராது. ஆனால் நாளைக்கு அந்தப் பள்ளியின் கணக்கை யாராவது தோண்டினால், பாஸ்போர்ட்டில் கோவை முத்திரையும் பட்டியலில் உங்கள் கையெழுத்தும் ஒரே தேதியில் இருக்கும். குடியேற்றச் சட்டம் ஏமாற்று சம்பந்தமான குற்றங்களைத் தண்டனை சிறியதா பெரியதா என்று பார்ப்பதற்கு முன்பே கடுமையாகப் பார்க்கும்.

உண்மையைச் சொல்வதிலும் ஒரு சின்னச் சங்கடம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காரணமில்லாத விடுப்பு 3 நாள் ஆனால் அங்கே ட்ரூவன்ட் என்பார்கள், 6 நாள் ஆனால் வழக்கமாக வராதவன் கணக்கில் போகும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குழந்தைகள் நலத்துறைக்கு அனுப்பலாம், அல்லது பெற்றோர் மேல் உள்ளூர் நீதிபதியிடம் கேஸ் போடலாம். முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 300 டாலர். தொகை பெரிதல்ல, ஆனால் கிரீன் கார்டின் கடைசிப் படிவமான ஐ-485இல் எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா, சம்மன் மாதிரி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பார்கள், அங்கே இதையும் எழுத வேண்டியிருக்கும். அதனால் அந்த அளவுக்குப் போகவிடாமல் இப்போதே மாமனாரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், விமான டிக்கெட் இரண்டையும் வைத்து, அந்த நாட்களைக் காரணமுள்ள விடுப்பாக ஏற்கும்படி கேளுங்கள். ஏற்பதும் ஏற்காததும் பள்ளியின் விடுப்புக் கொள்கையைப் பொறுத்தது. அவர்கள் ஏற்காவிட்டாலும், கேஸுக்குப் போகும் முன் உங்களைக் கூப்பிட்டு வருகையைச் சீராக்க ஒரு கூட்டம் நடத்தியாக வேண்டும். பையன் இப்போது தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போகிறான். இந்த நிலையில் யாரும் இதை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எது திருட்டு, எது சட்டம் விட்ட ஓட்டை

கட்டடம், கிஃப்ட் கார்டு, திருட்டு என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் 2025 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஆடிட்டர் ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், டிமத்தி டிஃபோர் வெளியிட்ட அறிக்கையைப் பற்றியது. ஐந்து சைபர் பள்ளிகளின் கணக்கைப் பார்த்தார். 2020க்கும் 2023க்கும் இடையில் அவற்றின் வருமானம் 42.5 கோடி டாலர் கூடியிருந்தது, கையிருப்பு 144 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு பள்ளி 21 கட்டடங்களை வாங்கவும் செப்பனிடவும் 19.6 கோடி டாலர் செலவழித்திருந்தது. ஆன்லைன் பள்ளிக்கு எதற்கு இத்தனை கட்டடம் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்பேன். ஊழியர் போனஸ், கிஃப்ட் கார்டு, வண்டிக்கான பணம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் இவை சட்டப்படி நடந்தவை என்றுதான் அவர் சொன்னார். அவர் குறை சொன்னது பழைய நிதிச் சூத்திரத்தை. ஒரு பள்ளி மாவட்டம் சொத்து வரியை உயர்த்த வேண்டும் என்றால், எந்தச் செலவுக்கும் ஒதுக்கப்படாத கையிருப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; பட்ஜெட்டின் அளவைப் பொறுத்து அது 8 முதல் 12 சதவீதம். சைபர் பள்ளிகளுக்கு அப்போது அந்தக் கடிவாளம் இல்லை. கட்டடம் வாங்கியதை நீங்கள் போலீஸில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது ரகம், பள்ளிக்கு வந்த பணம் பள்ளியை நடத்துகிறவரின் சொந்தக் கம்பெனிக்குப் போவது. இதற்கும் அதே மாநிலத்தில் உதாரணம் இருக்கிறது. பென்சில்வேனியா சைபர் சார்ட்டர் பள்ளியைத் தொடங்கிய நிக்கலஸ் ட்ரொம்பெட்டா, பள்ளியோடு தொழில்தொடர்பு வைத்திருந்த நிறுவனங்கள் வழியாகச் சுமார் 80 லட்சம் டாலரை நகர்த்தினார் என்பது வழக்கு. 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2018இல் 20 மாதச் சிறை. அவர் ஒப்புக்கொண்டது வரி ஏய்ப்புச் சதியை. பள்ளிப் பணத்தைப் பற்றிப் பேசப் போன வழக்கு வருமான வரியில் வந்து நின்றது. வெளியில் இருக்கும் பெற்றோரால் இந்த மாதிரி விஷயத்தைக் கண்டுபிடிப்பது கடினம், அதற்கு ஒப்பந்தங்களையும் வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ரகம்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது: இல்லாத பிள்ளைக்கு, அல்லது படிக்காத நாளுக்குப் பணம். ஒஹையோவில் 2000இல் தொடங்கிய ஈகாட் என்ற ஆன்லைன் பள்ளி நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது. 2015-16இல் 15,322 முழுநேர மாணவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். மாநிலக் கல்வித்துறை லாகின் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் 6,313 பேருக்குத்தான் ஆதாரம் இருந்தது. கிட்டத்தட்ட 6 கோடி டாலரைத் திருப்பிக் கொடு என்றார்கள். “நாங்கள் பாடத்தை வழங்கினோம், பிள்ளை எத்தனை மணி நேரம் படித்தான் என்பது எங்கள் பொறுப்பல்ல” என்ற ரீதியில் பள்ளி வாதாடியது. 2018 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்குள், 2018 ஜனவரியில், படிப்பு வருடத்தின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டு, ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். ஒஹையோவில் படித்த நேரத்தை வைத்துப் பணம், பென்சில்வேனியாவில் பதிவேட்டை வைத்துப் பணம். விதி வேறு, ஆனால் இரண்டு இடத்திலும் கணக்கின் அடியில் இருப்பது வருகைப் பதிவுதான்.

கலிஃபோர்னியாவில் ஏ3 என்ற குழு 19 ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை நடத்தியது. கோடைகால விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, பல பெற்றோருக்குத் தெரியாமலேயே அவர்களைப் பள்ளியில் சேர்த்ததாகக் கணக்குக் காட்டினார்கள். 2019இல் வழக்கு, 2021இல் தலைமையில் இருந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்தவற்றில் மிகச் சிறிய மாவட்டங்களும் இருந்தன. மேற்பார்வைக் கட்டணமாகப் பள்ளியின் வருமானத்தில் ஒரு பங்கு அவற்றுக்கு வரும். கண்காணிக்க வேண்டியவருக்கே கண்காணிக்கப்படுகிறவர் சம்பளம் தருகிற ஏற்பாட்டில், யார் போய் யாரைக் கேட்பது?

இதையெல்லாம் சொன்னதால் உங்கள் பழைய பள்ளியும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பள்ளியிலும் சில வாரம் பெயர் கிடப்பது வெறும் அலுவலகத் தாமதமாகவும் இருக்கலாம். உடல்நிலை காரணமாகவும், பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கொடுமை தாங்காமலும் சைபர் பள்ளிக்கு வந்து நிம்மதியாகப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் கையில் இருப்பது ஒரு பையன், ஒரு பட்டியல், ஒரு விலகல் தேதி. அதை மட்டும் பேசுங்கள்.

யாரிடம் சொல்வது

உங்களுக்குக் கேட்க உரிமை உண்டா என்றால், உண்டு. சார்ட்டர் பள்ளியைத் தனியார் பள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டப்படி அது லாப நோக்கமற்ற பொதுப் பள்ளி. அதற்கு வேலை செய்யும் நிர்வாகக் கம்பெனி வேண்டுமானால் தனியாராக இருக்கலாம். அதன் நிர்வாகக் குழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. தகவல் அறியும் சட்டமும் அதற்குப் பொருந்தும். ஒப்பந்தமோ செலவுப் பட்டியலோ எழுதிக் கேட்டால் 5 வேலைநாளில் பதில் தர வேண்டும், இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் மாநிலத் திறந்த பதிவுகள் அலுவலகத்தில் 15 வேலைநாளுக்குள் மேல்முறையீடு. அங்கே குடியுரிமை கேட்பதில்லை, அமெரிக்காவில் சட்டப்படி வசித்தால் போதும்.

ஆனால் என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டிய இடம் இது எதுவும் அல்ல. உங்கள் பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவு, அங்கே பிசினஸ் ஆபீஸ் என்பார்கள். பில் அவர்களுக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: பெயர், முகவரி, வகுப்பு, சிறப்புக் கல்வியா இல்லையா, சேர்ந்த தேதி, விலகிய தேதி. “என் மகன் இன்ன தேதியில் உங்கள் பள்ளியில் சேர்ந்தான், அதற்குப் பிறகும் சைபர் பள்ளி அவனுக்குப் பில் அனுப்பியதா என்று பாருங்கள், டிசம்பரில் நாங்கள் இந்தியாவில் இருந்தோம்” என்று எழுதினால் போதும். பணம் கட்டுகிறவருக்குச் சொன்னால் வேலை நடக்கும். தப்பு இருந்தால் அவர்களே பில்லை மறுப்பார்கள், மாநிலக் கல்வித்துறையிடமும் கொண்டுபோவார்கள். அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டால், அப்புறம் கல்வித்துறைக்கும் ஆடிட்டர் ஜெனரல் அலுவலகத்துக்கும் நேரடியாக எழுதலாம்.

தோழி சொன்னதை உங்கள் புகாரில் சேர்க்காதீர்கள். காதில் விழுந்தது உங்கள் சாட்சியம் ஆகாது, அவர் வேலைக்கும் அது உலை வைக்கும். அவர் தானாகச் சொல்ல விரும்பினால் பென்சில்வேனியாவில் விசில்ப்ளோயர் சட்டம் இருக்கிறது. அரசுப் பணம் வாங்கும் நிறுவனத்தின் தவறை நல்லெண்ணத்தோடு சொன்ன ஊழியரைப் பழிவாங்கினால் வழக்குப் போடலாம். ஆனால் பழிவாங்கல் நடந்து 180 நாளுக்குள் போட்டாக வேண்டும், பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். மற்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அவர் வீட்டுக்கு எடுத்து வரவோ, உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவோ கூடாது. அது வேறு சட்டச் சிக்கல். முதலில் அவர் வேலைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

மெயில் அனுப்பும் முன்

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பையனின் நீச்சல் வகுப்புக்குப் பள்ளியிடம் பணம் திரும்ப வாங்கியதாகவும், “ரசீதில் கொஞ்சம் மாற்றி எழுதித் தந்தார்கள்” என்றும். நீச்சல் வகுப்புக்குப் பணம் தருவது பள்ளியின் திட்டத்திலேயே இருந்து, நீங்கள் உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் மாற்றி எழுதியது என்ன? வகுப்பின் பெயரா, தேதியா, தொகையா? தொகையோ தேதியோ மாறியிருந்தால், மேலே சொன்ன மெயில்களில் ஒன்றைக்கூட இன்னும் அனுப்ப வேண்டாம். அந்த ரசீதுகள், பள்ளியின் பண விதிகள், மென்ட்டரின் மெயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் உரிமம் உள்ள ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு எழுதுவதா, எழுதிவிட்டுக் கட்டுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும். ஆனால் எந்தக் காகிதத்தையும் கிழிக்காதீர்கள், எந்த மெயிலையும் அழிக்காதீர்கள்.